மஞ்சக்குப்பம், காலை எட்டரை

அக்டோபர் 16
8.30: 2.5 மி.மீ.

மனதில் வரும் பயங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார் டாக்டரம்மா. எழுதினால் பாரம் இறங்குமாம். நோட்டு வாங்கிவிட்டேன். ஆனால் பயத்தை எழுதப்போவதில்லை. ஆரம்பித்தால் நூற்றறுபது பக்கம் போதாது. மழையை எழுதுகிறேன். நடுவில் மற்றது வந்தால் வரட்டும்.

முதல் பக்கத்தில் விவரம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன். சங்கமித்திரை, வயது இருபத்தெட்டு, பி.எஸ்ஸி. இயற்பியல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டாவது மாடி வாடகை வீடு, மொட்டைமாடியும் எங்களுக்கே. கணவர் தணிகைவேல், விதைக் கம்பெனியில் வேலை. மகள் நறுமுகை, எட்டு மாதம்; வீட்டில் முகை. மாடியில் ஒரு மழைமானி உண்டு; பிளாஸ்டிக் புனலும் கோடு போட்ட குழாயும்தான். தினமும் காலை எட்டரைக்கு அளந்து 'கடலூர் மழைக்காரர்கள்' வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். நாடு முழுவதும் எட்டரைக்குத்தான் அளக்கிறார்கள். எங்களுக்கு ஒரு நாள் என்பது எட்டரையில் பிறந்து எட்டரையில் முடிவது. குழுவில் முப்பத்தோரு பேர். பெண் நான் ஒருத்தி.

குழுவை நடத்துவது பண்ருட்டி லோகு, பைக் மெக்கானிக். இன்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "எல்லாரும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. தலைப்பு, எனக்கு மழைக் கிறுக்கு பிடிச்ச கதை. நவம்பர் பதினஞ்சு கடைசி. புக்கு போடுறோம். அக்கா, நீங்களுந்தான்."

எழுதிவிட்டால் போயிற்று.

அக்டோபர் 18
8.30: 0

குழுவில் கதைகள் வந்து குவிகின்றன. ஒருவருடைய கல்யாணப் பந்தல் சூறைக்காற்றில் பறந்து பக்கத்துத் தெரு இழவு வீட்டில் போய் இறங்கியதாம். "என் சம்சாரம் இன்னிக்கு வரைக்கும் அத சகுனம்ங்குறா, நான் மேகத்துலேர்ந்து கொட்டுன காத்து, டவுன்பர்ஸ்ட்ங்குறேன்" என்று முடித்திருக்கிறார். நெய்வேலிக்காரர் ஒருவர் பத்து வயதில் பேப்பரில் வந்த செயற்கைக்கோள் படத்தில் புயல் சுழியைப் பார்த்து, அப்பா காபி சிந்திவிட்டார் என்று நினைத்துத் துடைத்தாராம். துடைக்கத் துடைக்கப் பேப்பர் கிழிந்தது, சுழி போகவில்லை. அன்று பிடித்ததாம். இன்னொருவர், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்களா என்று வானத்தைப் பார்க்கத் தொடங்கியவர். இப்போது அவரே வாத்தியார். இன்னும் அதையேதான் பார்க்கிறார்.

நானும் எழுதினேன். மண்வாசனை, ஓட்டிலிருந்து ஒழுகும் நீர், காகிதக் கப்பல். படித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு பெண்ணின் கதை. அழித்துவிட்டேன்.

அக்டோபர் 23
8.30: ட்ரேஸ்

சண்டை. தணிகை மாடிக்கே வந்துவிட்டான்.

"புனல்ல நாலு சொட்டு இருக்கு. குழாய்ல ஏறவே இல்ல. ஜீரோனு போட்டுட்டுக் கீழ வா, பாப்பா அழுவுது."

"ஜீரோ இல்ல. அளக்க முடியாத மழைக்கு ட்ரேஸ்னு போடணும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணுமில்லைனா ஒண்ணுமில்ல, அவ்ளோதான்."

"பெய்ஞ்சிருக்கு தணிகை. அளக்கத்தான் முடியல."

"உனக்கு எல்லாமே இப்படித்தான் மித்ரா. ஒண்ணுமில்லாத எடத்துல ஒண்ணு இருக்கும்."

அவன் மழையைப் பற்றிப் பேசவில்லை. நேற்று ராத்திரி முகையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விழித்துக்கொண்டான். எத்தனாவது தடவை என்று கேட்டான். இரண்டாவது என்றேன். போனில் ரேடார் படம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மாறும்போதெல்லாம் இவளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன், அவ்வளவுதான். அதற்குப் போய் கோபியிலிருக்கும் அக்காவுக்கு போன் போட்டிருக்கிறான்.

பதிவில் ட்ரேஸ் என்றுதான் போட்டேன்.

அக்டோபர் 29
8.30: 18.0 மி.மீ.

பூங்கோதை அண்ணி வந்துவிட்டார். தணிகையின் அக்கா, அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவர். கோபிச்செட்டிபாளையத்தில் சொந்தமாக மருந்துக்கடை. எங்கள் காதல் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முகம் கொடுக்காதவர், முகை பிறந்த அன்றே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் கையைப் பிடித்தால் நோயாளியைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பார். நாடி பார்க்கிறாரோ என்று தோன்றும்.

"கண்ணுக்குக் கீழ என்னம்மிணி இத்தன கருப்பு? தூங்கறயா இல்லியா?"

"தூங்குறேன் அண்ணி."

"பொய் சொல்லாத. கடைக்கு வாரவங்க மூஞ்சியப் பாத்தே மாத்திரை எடுத்துத் தர்றவ நானு."

சாயங்காலம் முகையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தோளில் போட்டுத் தூங்க வைத்தார். ஐந்தே நிமிடம். என்னிடம் ஒரு மணி நேரம் முரண்டுபிடிப்பவள். நன்றாகத்தான் இருந்தது பார்க்க. இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 3
8.30: 42.0 மி.மீ.

நாற்பத்திரண்டு. ரேடாரில் ஒன்றுமே இல்லை, சிதம்பரம் ஜீரோ, புதுச்சேரி ஜீரோ, என் மானியில் மட்டும் நாற்பத்திரண்டு. மாடித் தரை முழுக்க ஈரம். மூன்று முறை அளந்தேன்.

குழுவே எழுந்து உட்கார்ந்தது. "ரேடாருக்கே டிமிக்கி குடுத்த மேகம்" என்றார் நெய்வேலிக்காரர். "அக்கா ஊருக்கு மட்டும் தனி மான்சூன்" என்றான் லோகு. எவரோ சென்னைக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நாள் பூராவும் சிரித்துக்கொண்டே இருந்தேன். எத்தனை மாதமாயிற்று.

நவம்பர் 4
8.30: 0

தொட்டித் தண்ணீர்.

துணி காயப்போடக் கொடி கட்டும்போது அண்ணி என் மானியை நகர்த்தியிருக்கிறார். "அக்கட்டால தூக்கி வெச்சேன், அது மழைய எங்க வெச்சாலும் புடிக்குமல்லொ" என்றார். வைத்தது தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய்க்கு நேர் கீழே. நேற்று விடிகாலையில் தணிகை மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்திருக்கிறான். தொட்டி நிரம்பி வழிந்து, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

இருவரையும் திட்டலாம். ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம். எட்டிப் பார்த்திருந்தால் தெரு காய்ந்து கிடந்தது தெரிந்திருக்கும். இயற்பியல் படித்தவள், முப்பத்தோரு பேருக்கு மழை சொல்பவள், குனிந்து தெருவைப் பார்க்கவில்லை.

அண்ணி தட்டில் இட்லியை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டையையும் வைத்தார். டாக்டரம்மா ஆகஸ்டில் பயத்துக்கு எழுதிக்கொடுத்தது. பத்தும் பிரிக்காமல் பத்தாகவே இருந்தது. அதைப் பற்றி இந்த நோட்டில் நான் எழுதவில்லை. இப்போதும் அதிகம் எழுதப்போவதில்லை. பாலில் கலந்து முகைக்குப் போய்விடும் என்று பயம். போகாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் கொடுத்தார்.

"மூணு நாளா நீ தூங்கல. காஞ்ச தெருவுல மழை பெஞ்சுதுங்கற. பச்சப் புள்ளைய வெச்சிருக்கற வீடு இது" என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "பாப்பாவ நான் கோபிக்குக் கூட்டிட்டுப் போறேன். பொங்கல் வரைக்கும். பால்பவுடருக்குப் பழகிக்கும். நீயி அந்த ரேடாரு, டப்பா எல்லாத்தையும் எடுத்துப்போட்டு நல்லாத் தூங்கு."

நான் தணிகையைப் பார்த்தேன். அவன் சட்னியைப் பார்த்தான்.

"ரெண்டு மாசந்தான மித்ரா" என்றான்.

முன்னாடியே பேசி வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 5
8.30: 6.5 மி.மீ.

குழுவில் போட்டது: மஞ்சக்குப்பம், நவம்பர் 3, 42.0 மி.மீ. தவறு. அது தொட்டி வழிந்த தண்ணீர். பதிவு ரத்து. சரியான அளவு 0.

போடாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போட்டதும் ஆரம்பித்தார்கள். "தொட்டிப் புயல் கரையைக் கடந்தது." "மோட்டார் காற்றின் திசையில் வலுவான மழை." ஒருவர் என் பெயரையே 'தொட்டி மேடம்' என்று போனில் மாற்றி, அதைப் படம் எடுத்தும் அனுப்பினார்.

லோகு தனியாக மெசேஜ் போட்டான். "விடுக்கா. ரெண்டு வருசம் முன்ன ஜூன்ல நான் 1.5னு போட்டேன் இல்ல? அது நாயி. காலத் தூக்கிட்டு. இன்னிக்கு வரைக்கும் திருத்தல. நீங்க திருத்துனீங்க."

அண்ணி பேப்பரில் வானிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பாப்பாவத் தூக்கிட்டுப் போறதுக்கு நல்ல வெயில் நாளாப் பாத்துச் சொல்லு அம்மிணி. மழையில நனச்சுக் கூட்டிட்டுப் போக முடியாது."

என் மழை பைத்தியக்காரத்தனம். என்றைக்குக் கிளம்புவது என்பதற்கு மட்டும் நான் வேண்டும்.

"பதினாலு வரைக்கும் விடாது" என்றேன். உண்மையும் அதுதான்.

நவம்பர் 8
8.30: 71.0 மி.மீ.

மழை. இரண்டு பக்கெட் குழந்தைத் துணி, ஒன்றும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து அண்ணியும் நானும் மாறி மாறி. பேச்சு குறைவு.

நவம்பர் 10
8.30: 33.5 மி.மீ.

லோகுவுக்குப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எனக்கு ஒன்பது வயது. வேதாரண்யத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. புயல் பகலில் வந்தது. வடக்கிலிருந்து காற்று. அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். கூரை ஓடு பறக்கும்போதும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றார். மதியத்துக்கு மேல் காற்று நின்றது. சொல்லிவைத்தாற்போல நின்றது. வெயில்கூட அடித்தது, தும்பி பறந்தது. முடிஞ்சிட்டுது என்று எல்லாரும் வெளியே வந்தோம். என் அம்மாவின் தங்கை தேன்மொழி சித்தி, இருபத்திரண்டு வயது, தோப்பில் கட்டியிருந்த ஆட்டைப் பார்க்கப் போனாள். அரைமணி நேரம் கழித்துத் தெற்கிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றில் பாதி பிடுங்கி நின்ற மரங்களெல்லாம் அப்போது விழுந்தன. சித்தி திரும்பவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் டீச்சர் போர்டில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் சின்ன வட்டம் வரைந்து, இதுதான் புயலின் கண், இங்கே காற்று இருக்காது, இது கடந்ததும் எதிர்த்திசையில் அடிக்கும், அதனால் வெளியே வரக்கூடாது என்றார். பரீட்சைக்கு வரும், ஐந்து மார்க் என்றார். நான் அழவில்லை. அப்படியென்றால் இது தெரிந்த விஷயம். அன்றைக்கு ரேடியோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். எங்கள் வீட்டில் எங்களுக்காகவே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

தம்பி லோகு, தலைப்பில் கிறுக்கு என்று இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் அது பிடித்திருக்கலாம். எனக்குப் பிடித்தது கோபம். இன்னும் விடவில்லை."

லோகுவின் பதில் மூன்று மணி நேரம் கழித்து வந்தது. "ஒரு எழுத்து மாத்தல அக்கா. தலைப்ப மட்டும் மாத்திக்கிறேன்."

நவம்பர் 13
8.30: 9.0 மி.மீ.

அப்பா போன். முகை தவழ்கிறாளா என்று கேட்டார். தவழ்கிறாள் என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15
8.30: 0

முகையின் துணிகளை அண்ணி பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். பதினெட்டாம் தேதி கிளம்புவதாம், காருக்கும் சொல்லியாயிற்று.

நவம்பர் 17
8.30: 1.5 மி.மீ.

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

கடலில் ஒரு தாழ்வு மண்டலம். இரண்டு நாளாக டிவியில் அது மட்டும்தான். சிவப்பு வட்டம் சுற்றுகிறது, பின்னால் முரசு அடிக்கிற மாதிரி சத்தம். நாளைக்குக் கடலூருக்கும் காரைக்காலுக்கும் நடுவில் கரையைக் கடக்குமாம். தணிகை காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாளைக்குப் போவ வேண்டாம். கார வேண்டாம்னு சொல்லிரட்டா? புயல் போயி ஒரு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றான்.

அண்ணி சரி என்றுவிட்டார். பையிலிருந்து டயப்பர் கட்டை எடுத்து வெளியே வைத்தார்.

எனக்கு ஒரு வாரம் கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும்.

ஆனால் நான் விடிந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேற்கிலிருந்து வறண்ட காற்று அதற்குள் புகுந்துவிட்டது. மேலடுக்குக் காற்று அதன் தலையைச் சீவிவிட்டது. படத்தில் மேகம் ஒரு பக்கம், சுழி ஒரு பக்கமாகக் கிடக்கிறது. அது புயல் ஆகாது. வடக்கே நகர்ந்து கடலிலேயே கரைந்துவிடும். இந்தத் தெருவில் இன்றைக்கு அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுப்பில் பால் வைத்தேன். இறக்கினேன். முகைக்கு ராகிக் கூழ் கிண்டினேன். வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடும், மூடினால் இருக்கும். கூழ் கட்டி தட்டிவிட்டது. மறுபடி கிண்டினேன்.

பிறகு கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தேன்.

"நாளைக்குப் புயல் வராது" என்றேன். "காலையில பத்து, பதினஞ்சு மில்லி பெய்யும். ஒன்பது மணிக்கு மேல வெளுத்துடும். விருத்தாசலம் தாண்டினா ரோடே காஞ்சிருக்கும். நீங்க தாராளமாக் கெளம்பலாம் அண்ணி."

"டிவியில செகப்புங்கறான்" என்றான் தணிகை.

"அவனுக்குச் செகப்பு வேணும். நான் சொல்றது வேற."

அண்ணி என்னையே பார்த்தார். "அப்ப நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டுப் போலாங்கற."

"நீங்க போலாம். முகை வரமாட்டா."

வெளியே வைத்த டயப்பர் கட்டை அண்ணி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மிணி, புயலு வருதுன்னு நீயும் சேந்து சொல்லியிருந்தா நானே நின்னிருப்பனே. வெளுக்கும்னும் சொல்ற, அனுப்பமாட்டேன்னும் சொல்ற. என்ன கணக்கு இது?"

"புயல்னு சொல்லி நிறுத்தினா வெளுத்ததும் திரும்பக் கேப்பீங்க. அப்ப இன்னொரு பொய் தேடணும். எனக்கு மழையில பொய் சொல்ல வராது அண்ணி. அன்னைக்கு நாப்பத்திரண்டையே திருத்தினேன்."

"உனக்கு ஒடம்பு சரியில்ல."

"சரியில்லதான்."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை. தணிகை தலைநிமிர்ந்தான். நான் சமையலறைக்குப் போய் அந்த அட்டையை எடுத்து வந்து, இருவர் முன்னாலும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"தினம் போடுறேன். டாக்டரம்மாகிட்டப் போறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல போன் இவர்கிட்ட, பிள்ளையும் இவர் பக்கம். எத்தனை தடவை எந்திரிக்கணுமோ இவர் எந்திரிக்கட்டும். மானி மாடியில இருக்கும். பிள்ளை இந்த வீட்டுல இருக்கும். ரெண்டையும் எடுக்கச் சொல்லி இனிமே யாரும் கேக்கக் கூடாது." அண்ணி எதிரில் தணிகை எனக்கு 'இவர்'.

"மித்ரா, அக்கா நம்ம நல்லதுக்குத்தான..." என்று ஆரம்பித்தான் தணிகை.

"தெரியும். உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். சட்னியப் பாக்காம என்னப் பாத்துச் சொல்லுங்க, ராத்திரி எந்திரிப்பீங்களா மாட்டீங்களா?"

எந்திரிப்பேன் என்றான்.

அண்ணி எழுந்து உள்ளே போனார். பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. முகையின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் போட்டார். போட்டார் என்றால், எறிந்தார். கடைசியாக அந்த மஞ்சள் ஸ்வெட்டர், கோபிக் குளிருக்கென்று போன வாரம் வாங்கியது. அதை மட்டும் மடித்து வைத்தார்.

"டேய்" என்றார் தம்பியிடம், வெளியே வராமலே. "காதுல பஞ்சு வெச்ச மாதிரித் தூங்கற ஆளு நீ. எந்திரிக்கலீன்னு கேள்விப்பட்டன், அன்னிக்கே பஸ் ஏறிருவேன்."

நவம்பர் 18
8.30: 12.0 மி.மீ.

ஒன்பதேகாலுக்கு வெளுத்தது. தெருவை எட்டிப் பார்த்தே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அண்ணி கிளம்பினார். கார் வேண்டாம், ஒருத்திக்கு எதற்கு என்று பஸ்ஸுக்கே போனார். முகையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். என் கையைப் பிடிக்கவில்லை. படி இறங்கும்போது, "ரெண்டு மாசத்துக்கு மாத்திர வெச்சிருக்கேன். பொங்கலுக்கு வந்து அட்டைய எண்ணுவேன்" என்றார்.

"எண்ணிக்கோங்க" என்றேன்.

கோபம் இருக்கிறது அவருக்கு. இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது.

நவம்பர் 19
8.30: பதிவு இல்லை

கண் விழித்தபோது ஒன்பதே முக்கால். அறை முழுக்க வெளிச்சம். பக்கத்தில் முகை இல்லை. எழுந்து ஓடினேன். கூடத்தில் தணிகை கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் மடியில் ரிமோட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு தடவ" என்றான். "எட்டரைக்கு எழுப்பலாம்னு வந்தேன். வாயத் தொறந்துட்டுத் தூங்குன. எழுப்பல."

விடிகாலையில் இடியோடு பெய்ததாம். நல்ல மழையாம். ஒரு துளி எனக்குத் தெரியாது. மாடிக்குப் போனேன். குழாயில் பாதிக்கு மேல் நின்றது. ஒன்பதே முக்காலின் அளவு எட்டரையின் அளவு ஆகாது. கோட்டைப் பார்க்காமலே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மானியைத் திரும்ப நேராக வைத்தேன்.

குழுவில் போட்டேன்: மஞ்சக்குப்பம், பதிவு இல்லை.

"இன்னாக்கா, இவ்ளோ மழை" என்று லோகு உடனே கேட்டான். "மிஸ் பண்ணிட்டீங்களா?"

ஆமாம் தம்பி, தூங்கிவிட்டேன் என்று எழுதினேன்.